முந்நூற்றுப் பதினெட்டுத் தலைப்புகள்

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். உக்காஷா வீட்டின் மூத்தவனான நான், அபுல் வஃபா. என் தம்பி பத்ரியின் மகன் முன்தஸிர், வயது இருபத்தெட்டு. என்னோடு ஒரே வருடம் ஹஜ்ஜுக்கு வந்த பஞ்சு வியாபாரி ஹாஜ் தியாப். தியாபின் தங்கை மகளைக் கட்டிய மேத்ஹத்; படித்தவர் என்பதால் மரியாதைக்கு உஸ்தாத் என்போம். கெய்ரோக்காரர், டிவி தொடர்கள் எடுக்கும் கம்பெனி ஒன்றின் சட்டப் பிரிவில் வேலை. ஐந்தாவது, பாதி திறந்திருந்த உள் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஸகிய்யா, பத்ரியின் விதவை, முன்தஸிரின் தாய். என் மருமகன் வஹ்பி அங்கே இல்லை. அவர் வக்கீல். ஸொஹாக் நகரத்திலிருந்து எங்கள் ஊரான தஹ்தாவுக்கு வர ஒரு மணி நேரம் போதும். நான்தான் அவரைக் கூப்பிடவில்லை.

ஊரில் இதைப் பற்றிப் பேசுகிறவர்களில் பாதிப் பேர் தாங்களும் அங்கே இருந்ததாகச் சொல்லிக்கொள்கிறார்கள். அதனால்தான் பெயர்களை முதலில் எழுதினேன். பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் எழுத்தராக இருந்தவன் நான். யார் யார் முன்னிலையில் என்று தொடங்காத காகிதத்துக்கு அங்கே மதிப்பில்லை.

நோன்புப் பெருநாள் கழிந்து பதினோராம் நாள், அஸர் தொழுகை முடிந்து திரும்பிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டு வாசலில் ஒரு கான்ஸ்டபிள் கையில் காகிதத்தோடு நின்று, தெருவே கேட்கும்படி கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"பத்ரி உக்காஷா இருக்காரா? திருட்டுக் கேஸு. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கணும்."

எதிர்க் கடை நாவிதன் கத்தியைக் கீழே வைக்காமலே பதில் சொன்னான். "மேட்டுக்குப் போங்க தம்பி, கல்லறை மூணாவது வரிசை. ஆறு வருஷமா அங்கதான் இருக்கார். கையெழுத்துப் போடுவாரான்னு தெரியல."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் கான்ஸ்டபிளிடமிருந்து காகிதத்தை வாங்கினேன். இன்டர்நெட்டில் தொடர்களைத் திருட்டுத்தனமாகப் பரப்பிய குற்றம், குற்றம் சாட்டப்பட்டவர் பத்ரி உக்காஷா என்று எழுதியிருந்தது. என் தம்பி பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஒரு சாக்குக்கட்டியைக்கூட வீட்டுக்கு எடுத்து வராதவன்.

வீட்டு இன்டர்நெட் இணைப்பு அவன் பெயரிலேயே இருந்தது. அவன் இறந்த பிறகு யாரும் மாற்றவில்லை. அந்த ஒரே இணைப்பிலிருந்து முன்தஸிர் மொட்டை மாடி வழியாக ஒயர் இழுத்துப் பதின்மூன்று வீடுகளுக்குக் கொடுத்திருந்தான். தெருவுக்குத் தெரு இப்படித்தான் நடக்கிறது, அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இந்தக் காகிதம் எந்த வீட்டில் பிறந்தது என்று எனக்குச் சந்தேகமே இல்லை. நேராக மாடி அறைக்கு ஏறினேன்.

முன்தஸிர் படித்துப் பார்த்துவிட்டு அதை மேசை மேல் வைத்தான். முகம் வெளுத்துப்போயிருந்தது.

"நான் எதையும் திருடல பெரியப்பா. என்கிட்ட ஒரு தொடர்கூட கிடையாது. நீங்க வேணா தேடிப் பாருங்க. எந்தத் தொடர் எங்க கிடைக்குதுன்னு இன்டர்நெட்ல ஒரு பக்கத்துல வழி போட்டு வச்சிருந்தேன். அமுக்குனா அங்க போகும். வச்சிருக்கிறவன் எவனோ, எந்த நாட்டுலயோ."

"பாலத்துக்கிட்ட நின்னுகிட்டு கஞ்சா எந்த வீட்ல கிடைக்கும்னு கை காட்டுறவனைப் போலீஸ் விட்டுருமா?"

"அது வேற, இது வேற."

"கை காட்டுனதுக்குக் காசு வாங்குனியா இல்லையா?"

 அந்தப் பக்கத்தில் விளம்பரம் வரும், அதில் ஏதோ காசு கிடைக்கும் என்றான். அந்த விளம்பரங்களை ஒரு தடவை பார்த்தேன். இரண்டாம் தடவை பார்க்கவில்லை. நோன்பு மாதத்தில் மட்டும் நாளைக்கு நாற்பதாயிரம் பேர் வந்தார்களாம். அதைச் சொல்லும்போது அவன் குரலில் ஒரு பெருமை எட்டிப் பார்த்தது. என் முகத்தைக் கண்டதும் அடங்கியது.

அன்று மாலையே வஹ்பி வந்தார். காகிதத்தைப் படித்து, ஒயர்களைப் பார்த்து, முன்தஸிரிடம் அரை மணி நேரம் பேசிவிட்டுக் கீழே வந்தார். அவர் முகத்தில் இருந்த நிம்மதி எனக்குப் பிடிக்கவில்லை.

"மாமா, பயப்பட ஒண்ணுமில்ல. அவங்ககிட்ட இருக்கிறது ஒரே ஒரு இணைப்பு நம்பர். அது செத்துப்போனவர் பேர்ல இருக்கு. பதினாலு வீட்டுக்காரங்க அதுல புழங்குறாங்க. அந்தப் பக்கத்தைப் பதிவு பண்ணதுலயும் இவன் பேர் இல்ல. எந்த வீட்ல எந்த விரல் அமுக்குச்சுன்னு அவங்கதான் நிரூபிக்கணும். இன்னிக்கே இவன் அதை மூடிட்டான். இனிமே எல்லாரும் வாயை மூடிக்கிட்டு இருந்தா போதும்."

"பேரு?"

"என்ன பேரு?"

"என் தம்பி பேரு. காகிதத்துல இருக்கே."

"அது இருக்கட்டும் மாமா. செத்தவரை யாரும் சிறைல போட முடியாது. அவர் பேர்லயே இருக்கிறதுதான் இவனுக்குப் பாதுகாப்பு."

"அப்ப கோர்ட்ல கூப்பிடுவாங்க. பத்ரி உக்காஷா, திருட்டு வழக்குன்னு."

"ரெண்டு தடவை கூப்பிடுவாங்க. ஆள் இல்லன்னு எழுதி மூடிருவாங்க."

என் மகளின் புருஷன். நல்ல மனிதர். ஆனால் அவர் தகப்பன் வீடு ஸொஹாகுக்கு வந்தே இரண்டு தலைமுறைதான் ஆகிறது. தன் தம்பியின் பெயரைப் பிள்ளைக்கு முன்னால் கேடயமாகப் பிடித்து நிற்பது என்றால் என்ன என்று அவருக்கு எப்படிப் புரியும்? மேலும் பதின்மூன்று வீட்டுக்காரர்கள். அவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். எங்கள் வீட்டுச் செயலுக்கு அடுத்த வீட்டுக்காரன் போலீஸ் நிலைய பெஞ்சில் உட்காருவான். அப்புறம் நான் எந்த முகத்தோடு பள்ளிவாசலின் முன் வரிசையில் நிற்பது?

வஹ்பி கிளம்பும்போது சொன்னதை மறைக்க மாட்டேன். செருப்பை மாட்டிக்கொண்டே மூன்று தடவை சொன்னார். "எதையும் எழுதிக் கொடுக்காதீங்க மாமா. யாருக்கும். எதையும்."

நான் என் வாழ்நாளில் நான்கு நிலச் சண்டைகளையும் ஒரு கொலைப் பகையையும் சமாதானக் கூட்டத்தில் உட்கார்ந்து தீர்த்து வைத்தவன். நீதிமன்றம் பதினோரு வருடம் இழுத்த வழக்கு எங்கள் கூடத்தில் ஒரே மதியத்தில் முடிந்திருக்கிறது. முறை எல்லாருக்கும் தெரிந்ததுதான். தப்புச் செய்த பக்கம் எதையும் மறைக்காமல் ஒப்புக்கொள்ள வேண்டும். பாதி ஒப்புதல் என்று ஒன்று கிடையாது. ஒன்றை மறைத்தால் அது வெளிவரும் நாளில் மொத்தச் சமாதானமும் உடையும். மனத்தாங்கல் உள்ள பக்கம் அதுவரை காபியைத் தொடாது. கோப்பை முன்னால் இருக்கும். மனம் நிறைந்ததும் எடுத்துக் குடிப்பார்கள். குடித்துவிட்டால் முடிந்தது. அந்தக் கொலைப் பகையில் கோப்பை நான்கு மணி நேரம் ஆறிக் கிடந்தது. கடைசியில் செத்தவனின் தகப்பன் அதை எடுத்தபோது கூடத்தில் இருந்த எழுபது பேரும் அழுதார்கள்.

புகார் கொடுத்த கம்பெனியில் தியாபின் உறவுக்காரர் இருக்கிறார் என்று தெரிந்ததும், அல்லாஹ் வழியைத் திறந்துவிட்டான் என்றுதான் நினைத்தேன். தியாப் போனில் பேசினார். வெள்ளிக்கிழமை மேத்ஹத் வந்தார்.

காலை ரயிலில் வந்து, ஜும்ஆ தொழுதுவிட்டு, தியாபோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். மெலிந்த மனிதர். மரியாதை தெரிந்தவர், என் கையை இரண்டு கைகளாலும் பிடித்தார். ஸகிய்யா காபி போட்டு அனுப்பினாள். மேத்ஹத் நன்றி சொல்லிக் கோப்பையைத் தன் முன்னால் வைத்துக்கொண்டார். தொடவில்லை. நானும் தியாபும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கெய்ரோக்காரராக இருந்தாலும் முறை தெரிகிறதே என்று எனக்கு மதிப்பு உண்டானது.

"உஸ்தாத், சுத்தி வளைக்க மாட்டேன்," என்றேன். "காகிதத்துல இருக்கிற பேர் என் தம்பியோடது. அவன் செத்துப்போனான். செஞ்சது இவன், அவன் மகன். எங்க வீட்டுத் தப்பு. மன்னிப்புக் கேட்டு எழுதிக் குடுக்கிறோம். கம்பெனி புகாரைத் திரும்ப வாங்கிக்கணும். என் தம்பி பேர் அந்தக் காகிதத்துலேர்ந்து போகணும்."

"எழுதிக் குடுத்தீங்கன்னா கம்பெனிக்கு எடுத்துச் சொல்ல வசதியா இருக்கும் ஹாஜ்," என்றார் மேத்ஹத். "ரெண்டு வரி போதும். நான்தான் நடத்துனேன், மூடிட்டேன்னு."

"ரெண்டு வரியில என்ன மன்னிப்பு?" என்றேன். "எதையெதைக் காட்டுனானோ அத்தனையும் எழுதணும்."

முன்தஸிர் தலையைத் தூக்கினான். "பெரியப்பா, வஹ்பி மச்சான் ஒண்ணும் எழுத வேண்டாம்னாரே."

"வஹ்பி கோர்ட்டுக்குச் சொன்னார். இது கோர்ட் இல்ல. இங்க தலை குனிஞ்சா அங்க நிமிர்ந்து நடக்கலாம்."

"எத்தனை இருக்குன்னு எனக்கே தெரியாது."

"எண்ணுவோம்."

அவன் போனைத் திறந்து பழைய பட்டியலை எடுத்தான். அவன் படிக்கப் படிக்க நான் எழுதினேன். என் பழைய பதிவேட்டுக் கையெழுத்தில், கோடு போட்ட தாளில், எண் போட்டு. தொடர்கள், சினிமாக்கள், துருக்கியிலிருந்து மொழிமாற்றியவை, நாடகங்கள். ஒன்றரை மணி நேரம் ஆனது. நூறைத் தாண்டியதும் அறையில் இருந்த இறுக்கம்கூடக் கொஞ்சம் தளர்ந்தது.

"டேய், இதையெல்லாம் நீதான் காட்டுனியா," என்றார் தியாப். "என் வீட்டுக்காரி மட்டும் அறிஞ்சா போலீஸுக்குப் போக மாட்டா, உனக்கு மாலை போட வருவா. நோன்பு பூரா எனக்கு ஒரு நாள்கூட சூடா சூப் கிடைக்கலயே, அது உன்னாலதானா?"

இருநூற்று நான்காவது ஒரு மாமியார் தொடர். கதவுக்குப் பின்னாலிருந்து ஸகிய்யா குரல் கொடுத்தாள். "அதை விட்டுருங்க ஹாஜ். அதை நான்தான் கேட்டுப் போடச் சொன்னேன். அதுலயும் பாதிதான் பார்த்தேன்."

எல்லாரும் சிரித்தோம். மேத்ஹத்கூடச் சிரித்தார். அந்தத் தொடரையும் எழுதினேன்.

முந்நூற்றுப் பதினெட்டில் முடிந்தது. கீழே முன்தஸிர் கையெழுத்துப் போட்டு, விரல் ரேகையும் வைத்தான். சாட்சியாக நானும் தியாபும். மேத்ஹத் தாள்களை வாங்கி வரிசை பார்த்தார்.

"உங்க கையெழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கு ஹாஜ். கம்பெனிக்கு எடுத்துச் சொல்றேன். நல்லபடியா முடியும்னு நம்புறேன்."

பிறகு முன்னால் இருந்த கோப்பையை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். தியாப் கையை உயர்த்தி ஃபாத்திஹா ஓதினார். நான் எழுந்து முன்தஸிரின் நெற்றியில் முத்தமிட்டேன். அவன் தகப்பன் இறந்த பிறகு நான் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலை வஹ்பிக்குப் போன் செய்து, முடிந்துவிட்டது என்றேன். நடந்ததைச் சொன்னேன். 

"எத்தனை தலைப்பு எழுதுனீங்க மாமா?"

"முந்நூத்திப் பதினெட்டு."

போனில் காகிதங்களைப் புரட்டும் சத்தம் கேட்டது. 

"மாமா, புகார்ல ஏழு தொடர்தான் இருந்துச்சு. அந்தக் கம்பெனியோடது ஏழே ஏழு. மீதி எல்லாம் வேற வேற கம்பெனியோடது. அவங்க யாருக்கும் ஒண்ணும் தெரியாது. இந்தச் சட்டத்துல ஒவ்வொரு படைப்பும் தனிக் குற்றம். ஒவ்வொண்ணுக்கும் தனித் தண்டனை. வெறும் வழிதான் காட்டுனான், கோப்பு எதுவும் இவன்கிட்ட இல்லன்னு வாதாட எனக்கு ஒரு இடம் இருந்துச்சு. இவன்தான்னே தெரியாதுன்னு வாதாட இன்னொரு இடம் இருந்துச்சு. ரெண்டையும் நீங்களே எழுதிக் குடுத்துட்டீங்க."

"அவர் காபியைக் குடிச்சார்."

"யாரு?"

"மேத்ஹத். எழுதி முடிச்சப்புறம்தான் குடிச்சார்."



அந்த வாரமே கெய்ரோவுக்குப் போனேன். தனியாகத்தான். கம்பெனியின் ஏழாவது மாடியில் மேத்ஹத் என்னை உட்கார வைத்தார். காகிதத்தைத் திருப்பிக் கேட்டேன்.

"அது இப்ப என் கையில இல்ல ஹாஜ். மேல குடுத்துட்டேன். மத்த கம்பெனிகளுக்கும் நகல் போயிருச்சு. அவங்களுக்கெல்லாம் ஒரு கூட்டமைப்பு இருக்கு. நான் சம்பளக்காரன்."

"நீங்க வாக்குக் குடுத்தீங்க."

"எடுத்துச் சொல்றேன்னேன். சொன்னேன். அவங்க கேக்கல."

எனக்கு முன்னால் காபி வைத்தார்கள். நான் தொடவில்லை. ஒரு மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். மேத்ஹத் போனில் யாருடனோ பேசினார், கையெழுத்துகள் போட்டார், என்னை மறந்தே போனார். கடைசியில் ஒரு பணியாள் வந்து, "முடிச்சிட்டீங்களா ஹாஜி?" என்று கேட்டு நிறைந்த கோப்பையை எடுத்துக்கொண்டு போனான்.

வழக்கு அஸ்யூத் நகர நீதிமன்றத்தில் நடந்தது. முன்தஸிரைக் கம்பிக் கூண்டில் நிறுத்தியிருந்தார்கள். நீதிபதி எங்களைப் போலத் தெற்குப் பகுதி ஆள், கெனாக்காரர் என்று பேச்சிலேயே தெரிந்தது. என்னைக் கூப்பிடும் முன் வாசலில் வஹ்பி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாமா, கடைசியா ஒரு வழி இருக்கு. முன்தஸிர் வெறும் தாள்ல கையெழுத்து போட்டதாச் சொல்றான். மேல எழுதினது யாருன்னு அவனுக்குத் தெரியாதாம். நீங்க மறந்துபோச்சுன்னு சொன்னா போதும். எழுபத்தோரு வயசு. யாரும் உங்களைத் தப்பா நினைக்க மாட்டாங்க. தியாப் ஹாஜியும் சரின்னுட்டார்."

நீதிபதி தாள்களைத் தூக்கிக் காட்டினார். "ஹாஜ், இந்தப் பட்டியல் யார் கையெழுத்து?"

கூண்டுக்குள்ளிருந்து முன்தஸிர் என்னைப் பார்த்தான். பின்வரிசையில் ஸகிய்யா இருந்தாள். தியாப் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்தொரு வருடம் இந்த மாவட்டத்தின் நிலங்களையும் வீடுகளையும் இந்தக் கையால் எழுதியிருக்கிறேன். இது என் கையெழுத்தல்ல என்று ஒரு தடவை சொன்னால் அவை எல்லாம் என்ன ஆகும்? அப்படித்தான் அப்போது நினைத்தேன். இங்கே எழுத வேறு காரணம் என்னிடம் இல்லை.

"என்னுடையது," என்றேன்.

"கட்டாயப்படுத்தி எழுதினதா?"

"இல்லை. நான் சொல்லித்தான் அவன் ஒப்புக்கொண்டான். சமாதானம் முடிந்தது. உஸ்தாத் மேத்ஹத் எங்கள் வீட்டில் காபி குடித்தார். அதையும் கேளுங்கள்."

மேத்ஹத்தைக் கேட்டார்கள். அவருக்குக் கேள்வியே புரியவில்லை. "ஆமா, குடிச்சேன். எனக்கு வயித்துப் புண். சூடா ஒத்துக்காது, ஆறினப்புறம்தான் குடிப்பேன்," என்றார்.

யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. என்னைப் பார்த்த பார்வையில் அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

"எனக்குப் புரியுது ஹாஜ். ஆனா காபி இந்தக் கோப்புல இல்ல."

முதலில், இறந்துபோன பத்ரி உக்காஷாவின் பெயரை வழக்கிலிருந்து நீக்கச் சொன்னார். நான் கேட்டது கிடைத்தது. அதன் பிறகு மற்றதைப் படித்தார்கள். தலைப்புக்கு ஒரு மாதம் என்று கூட்டினால் இருபத்தாறு வருடத்துக்கு மேல் வரும், ஆனால் இந்த வகைக் குற்றத்தில் ஆறு வருடத்துக்கு மேல் கூட்டக் கூடாது என்று சட்டம் இருக்கிறதாம். ஆறு. அபராதத்துக்கு அப்படி எல்லை எதுவும் இல்லை. அந்தத் தொகையை நான் இங்கே எழுதப்போவதில்லை. மேல் முறையீட்டில் எதுவும் மாறவில்லை.

ஸகிய்யா இப்போதும் எங்கள் வீட்டின் அடுத்த பகுதியில்தான் இருக்கிறாள். ரொட்டி சுட்டால் எனக்கும் ஒன்று அனுப்புவாள், யார் கையிலாவது. நேரில் ஒரே ஒரு தடவைதான் பேசினாள், சிறையில் பார்த்துவிட்டுத் திரும்பிய அன்று, மாடிப்படியில் வைத்து.

"வக்கீல் தாளைக் காட்டினார் ஹாஜ். முழுசாப் பார்த்தேன். ஒரு எழுத்துகூடத் தடுமாறல. இருநூத்தி நாலும் இருந்துச்சு."

"அவன் என்ன சொன்னான்?"

"உங்களைக் கேட்டான். முட்டி வலி எப்படி இருக்குன்னு."

அவ்வளவுதான் சொன்னாள். கூடையைத் தூக்கிக்கொண்டு மேலே போனாள். நான் சிறைக்குப் போனதில்லை. போனால் அவன் என் கையில் முத்தமிடுவான். அதைத் தாங்க என்னால் ஆகாது.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்திய வாரம் ஊரில் ஒரு பேச்சுக் கிளம்பியது. பொது மன்னிப்புப் பட்டியலில் முன்தஸிர் பெயர் வந்திருக்கிறது, பெருநாளைக்கு வீட்டுக்கு வந்துவிடுவான் என்று. மூன்று பெண்கள் ஸகிய்யாவுக்கு வாழ்த்தாகச் சர்க்கரைப் பொட்டலம் கொண்டு வந்து கொடுத்துவிட்டார்கள். அது உண்மையல்ல. பட்டியலை நான் இரண்டு தடவை படித்தேன். தஹ்தாவைச் சேர்ந்த முன்தஸிர் ஒருவர் அதில் இருக்கிறார். அவருக்கு வயது ஐம்பத்து மூன்று, தகப்பன் பெயர் வேறு. எங்கள் முன்தஸிருக்கு இன்னும் நான்கு வருடம் ஒன்பது மாதம் இருக்கிறது.